கண்ணைக் காப்பாற்றியது எந்த மருந்து?

எழுதி இரண்டு மாதமாகிறது. ஆலையில் ஆடிட், வீட்டில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இங்கே அகமதாபாத்தில் மணிநகர்ப் பக்கம் நம்மவர்கள் கூடுகிற நிகழ்ச்சி ஒன்றில், திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க மருந்துக் கம்பெனியிலதான இருக்கீங்க? எங்க கொழுந்தனாருக்குக் கிட்னி மாத்தி ஒரு வருசம் ஆச்சு. ரெண்டு வாரமா கண்ணு முன்னால கொசு பறக்குற மாதிரி இருக்குங்காரு. செவப்பும் இல்ல, வலியும் இல்ல. கண்ணாடி மாத்துனா சரியாப் போயிருமா?"

நான் டாக்டர் இல்லை. மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். ஆனாலும் 'கிட்னி மாற்றியவர்', 'கண் முன்னால் கொசு' என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. "கண்ணாடிக் கடைக்குப் போகாதீங்க அக்கா. நாளைக்கே விழித்திரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. கிட்னி மாத்தின விஷயத்தை முதல்ல சொல்லச் சொல்லுங்க" என்றேன். போனார்கள். சி.எம்.வி. என்ற வைரஸ் ஒரு கண்ணின் விழித்திரை ஓரத்தில் வேலையைத் தொடங்கியிருந்தது. நடுப்பார்வைக்கு வருவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

அவருக்குக் கொடுத்த மாத்திரையின் பெயர் வால்கன்சிக்ளோவிர். அந்த ஒரு மாத்திரைக்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கதையின் முடிவில், கண்ணைக் காப்பாற்றியது எந்த மருந்து என்று கேட்டால் நீங்கள் எதிர்பார்க்கிற பதில் வராது.

*

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கண்ணில் வைரஸ் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது 'மெட்ராஸ் ஐ'. (கல்கத்தாவில் இருந்தவர்களுக்கு இதே கண்நோய் 'ஜெய் பங்களா'. 1971-ல் வங்கதேச அகதிகள் வந்த சமயத்தில் பரவியதால் அந்தப் பெயர். ஊருக்கு ஊர் பழியை யார் மீதாவது போட்டுவிடுகிறோம்!) கண் சிவக்கும், நீர் வடியும், இமை ஒட்டிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் பத்தடி தள்ளி நிற்பார்கள். ஆனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும்.

நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிர். சிவக்காது, வலிக்காது, கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. யாருக்கும் ஒட்டாது. உள்ளே விழித்திரை மட்டும் காய்ந்த புல்லில் தீ நகர்வதுபோல ஓரத்திலிருந்து எரிந்துகொண்டே வரும். எரிந்த இடம் எரிந்ததுதான். அங்கே பார்வை திரும்பாது. சிகிச்சை என்பது தீ மேலும் நகராமல் தடுப்பது மட்டுமே.

சி.எம்.வி. என்பது சைட்டோமெகலோ வைரஸ் என்பதன் சுருக்கம். அது தொற்றிய செல் ஊதிப் பெருத்துவிடும். அதைப் பார்த்துத்தான் 1960-ல் தாமஸ் வெல்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்தப் பெயரை வைத்தார். ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மை, அக்கி எல்லாம் இதற்குப் பங்காளிகள். நம் நாட்டில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். சின்ன வயதில் ஒரு சாதாரணக் காய்ச்சலாக வந்து, சத்தமில்லாமல் உள்ளேயே குடியிருக்கும். நம் நோய் எதிர்ப்புச் சக்தி அதன் தலையில் கை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. அந்தக் கை தளர்ந்தால்தான் ஆபத்து.

1960-களில் சிறுநீரக மாற்று சிகிச்சை வளர்ந்தபோது, உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்தார்கள். அப்போதே இந்த விழித்திரை நோயை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்தார்கள். மருந்தைக் குறைத்தால் சிலருக்கு நின்றது. அபூர்வமான நோய், பாடப்புத்தகத்தில் இரண்டு வரி, அவ்வளவுதான்.

*

1981 ஜூன் 5. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வாராந்திர அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து இளைஞர்கள் ஐந்து பேருக்கு வந்த விசித்திரமான நிமோனியா பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. எய்ட்ஸ் பற்றி உலகம் படித்த முதல் குறிப்பு அது. அந்த ஐந்து பேரிடமும் சி.எம்.வி. இருந்ததற்கான சான்றும் அதே குறிப்பில் இருக்கிறது. அடுத்த வருடமே, 1982-ல், அதே நகரத்துக் கண் மருத்துவர்கள் இந்தப் புதிய நோயாளிகளின் கண்ணில் தெரிகிற மாற்றங்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள்.

எச்.ஐ.வி. நம் ரத்தத்தில் உள்ள சி.டி.4 என்ற வெள்ளணுக்களைத் தின்கிறது. ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை 50-க்குக் கீழே போனால், சி.எம்.வி. விழித்திரைக்கு வந்துவிடும். அன்றைக்கு எய்ட்ஸ் முற்றியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது வந்தது. முப்பது வயதுப் பையன்கள். சாவு நிச்சயம் என்று தெரியும். சாவதற்கு முன்னால் குருடாவதும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்து நோயாளிகள் சாவைவிடக் கண் போவதற்கு அதிகம் பயந்தார்கள் என்று மருத்துவர்கள் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். புரிகிறது, இல்லையா?

கையில் மருந்தே இல்லை. ஹெர்ப்பிஸுக்கான அசைக்ளோவிர் அப்போதுதான் வந்திருந்தது. கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரின் குழு உருவாக்கியது. அவர் 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அழகான மருந்து அது. விழுங்கும்போது சாதுவாக இருக்கும். வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனால், அந்த வைரஸின் சொந்த நொதியே அதற்குச் சாவி போட்டு ஆயுதமாக மாற்றிவிடும். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்கிற மாதிரி. ஆனால் சி.எம்.வி.யிடம் அந்தச் சாவி இல்லை. அதனால் அசைக்ளோவிர் அதனிடம் செல்லவில்லை.

*

இங்கே கதையை நிறுத்தி அக்கியைப் பற்றி ஒரு பத்தி. ஊரில் அக்கி வந்தால் வேளாரிடம் போய்க் காவியால் 'அக்கி எழுதி' வருவது நமக்குத் தெரியும். குளிர்ச்சியாக இருக்கும், மனசுக்கும் தெம்புதான். உடம்பில் வந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும் என்பதால் அந்த வைத்தியத்துக்கு நல்ல பெயரும் கிடைத்தது. ஆனால் நெற்றியில், இமையில், முக்கியமாக மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் அது கண்ணுக்குள் இறங்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது காவி போதாது. மூன்று நாளுக்குள் அசைக்ளோவிர் வகை மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அதே அக்கி வைரஸ் விழித்திரைக்குள் போனால் சில நாட்களிலேயே பார்வையைத் துடைத்துவிடும், சி.எம்.வி. அளவுக்குக்கூட அவகாசம் தராது. இளவயதில் ஒருவருக்கு முகத்தில் அக்கி வந்தால் மருத்துவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்வது சந்தேகத்தால் அல்ல, அக்கறையால்.

*

சரி, கதைக்கு வருவோம். அசைக்ளோவிருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு மூலக்கூறு கன்சிக்ளோவிர். அமைப்பில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் அது சி.எம்.வி.யிடம் வேலை செய்தது. (எந்தச் சாவியால் என்பது 1992-ல்தான் தெரிந்தது. சி.எம்.வி.க்கு வேறொரு நொதி இருந்தது.) 1984-லிருந்தே, அனுமதி கிடைக்கும் முன்பாகவே, இரக்க அடிப்படையில் நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். விழித்திரைப் படங்களில் தீ நிற்பது கண்கூடாகத் தெரிந்தது.

இங்கே ஒரு தர்மசங்கடம். 1987-ல் மருந்துக்கு அனுமதி கேட்டபோது அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு மறுத்துவிட்டது. காரணம், மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் முறையாக ஒப்பிட்ட ஆய்வே இல்லை. மருத்துவர்கள் கேட்ட கேள்வியும் நியாயம்தான்: கண் போகும் என்று தெரிந்தே ஒரு பாதிப் பேருக்கு மருந்து கொடுக்காமல் வைத்திருக்க முடியுமா? இழுபறிக்குப் பிறகு 1989-ல் அனுமதி வந்தது. தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. எண் இல்லாமல் கையெழுத்துப் போட எனக்கும் கை வராது. ஆனால் எண் வரும்வரை காத்திருக்க அந்தக் கண்களுக்கு நேரம் இல்லை.

மருந்து கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. தினமும் இரண்டு வேளை நரம்பில் ஏற்ற வேண்டும், இரண்டு மூன்று வாரம். பிறகு வாழ்நாள் முழுக்க தினம் ஒரு வேளை. அதற்காக மார்பில் நிரந்தரமாக ஒரு குழாய். நிறுத்தினால் சில வாரங்களில் நோய் திரும்பும். நிறுத்தாவிட்டாலும் கொஞ்ச நாளில் திரும்பும். எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளணுக்களைக் குறைக்கும். அன்றைக்கு எச்.ஐ.வி.க்கு இருந்த ஒரே மருந்து 1987-ல் வந்த ஏ.இசட்.டி.; அதுவும் மஜ்ஜையைத்தான் தாக்கும். இரண்டையும் சேர்த்துத் தாங்க முடியாமல் பலர் ஒன்றைக் கைவிட்டார்கள். அதாவது கண்ணா, உயிரா என்று நோயாளியே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

(கன்சிக்ளோவிர் சாமானியப் பொடி இல்லை. கருவைப் பாதிக்கும், புற்றுநோயைத் தூண்டலாம் என்பதால் இதைக் கையாளும் ஆலைகளில் தனி அறை, தனிக் காற்றோட்டம், உடம்பு முழுக்க மூடிய உடை எல்லாம் உண்டு. கர்ப்பிணிகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். இதையா ஒருவர் தினமும் ரத்தத்தில் ஏற்றிக்கொண்டார் என்று முதல் தடவை பார்க்கும்போது யாருக்கும் தோன்றும்.)

1991-ல் இரண்டாவது மருந்து வந்தது: ஃபாஸ்கார்னெட். மஜ்ஜையை விட்டுவிட்டு சிறுநீரகத்தைப் பிடித்துக்கொள்ளும். எது தேவலை என்று பார்க்க ஜான்ஸ் ஹாப்கின்ஸின் டக்ளஸ் ஜாப்ஸ் தலைமையில் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. கண்ணைப் பொறுத்தவரை இரண்டும் சமம். ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்ததால் 1991 அக்டோபரில் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். கன்சிக்ளோவிர் எடுத்தவர்கள் சராசரியாக எட்டரை மாதம் வாழ்ந்தார்கள். ஃபாஸ்கார்னெட் எடுத்தவர்கள் பன்னிரண்டரை மாதத்துக்குச் சற்று மேல். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, உயிருக்கு நான்கு மாத வித்தியாசம்! ஃபாஸ்கார்னெட்டுக்கு எச்.ஐ.வி. மீதே கொஞ்சம் தாக்கம் உண்டு என்பது ஒரு விளக்கம். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தவர்களுக்கு அந்த லாபமும் இல்லை.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் திருப்புமுனை இந்த ஆய்வுதான். கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது என்பதற்கு முதல் அறிகுறி அது.

*

ஆனாலும் கண்ணை நோக்கிய ஓட்டம் நிற்கவில்லை. மருந்தை உடம்பு முழுக்க ஏற்றுவானேன், நேராகக் கண்ணுக்குள் போட்டால் என்ன? 1987 முதலே ஊசியால் கண்ணுக்குள் கன்சிக்ளோவிர் செலுத்திப் பார்த்தார்கள். வேலை செய்தது, ஆனால் வாரத்துக்கு ஒன்றிரண்டு ஊசி. அடுத்து, மருந்தை ஒரு சின்ன வில்லைக்குள் அடைத்து அறுவை சிகிச்சை மூலம் கண்ணுக்குள் தைத்துவிடும் யோசனை. மணிக்கு ஒரு மைக்ரோகிராம் வீதம் மாதக்கணக்கில் கசியும். 1994-ல் வெளிவந்த ஆய்வில், வில்லை வைக்காத கண்களில் நோய் பரவ ஆன காலம் 15 நாள். வைத்த கண்களில் 226 நாள். பிரமாதமான எண்!

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வில்லை வைத்த கண் நன்றாக இருக்க, ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறு கண்ணில் நோய் வந்தது. வைரஸ் இருப்பது உடம்பு முழுக்க. மருந்து இருப்பது ஒரு கண்ணில். வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

1996-ல் அந்த வில்லைக்கு அனுமதி கிடைத்தது. அதே வருடம் சிடோஃபோவிர் என்ற மூன்றாவது மருந்துக்கும். பிராகில் அந்தோனின் ஹோலியும் பெல்ஜியத்தில் எரிக் டி கிளர்க்கும் சேர்ந்து கண்டுபிடித்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதும், ஆனால் சிறுநீரகத்துக்குப் பெரும் எதிரி. 1998 ஆகஸ்டில் நான்காவது: ஃபோமிவிர்சென். வைரஸின் மரபுச் செய்தியை அப்படியே கவிழ்த்து எழுதி, அதன் மேலேயே ஒட்டி, படிக்க முடியாமல் செய்துவிடும். 'ஆன்டிசென்ஸ்' என்ற அந்த வகையில் உலகில் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து அதுதான்.

ஆனால் அது பந்தி முடிந்து இலை எடுக்கும்போது வந்து சேர்ந்த விருந்தாளி.

ஏனென்றால் 1996 ஜூலையில் வான்கூவர் நகரில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் உலகம் மாறியிருந்தது. எச்.ஐ.வி.க்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்குகிறது, சி.டி.4 மீண்டும் ஏறுகிறது என்று அங்கே சொன்னார்கள். சி.டி.4 ஏறியதும் புதிதாக விழித்திரை நோய் வருவது சரசரவென்று குறைந்தது. அதைவிட ஆச்சரியம், ஏற்கெனவே நோய் இருந்தவர்கள் கண் மருந்தை நிறுத்தியும் நோய் திரும்பவில்லை. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்று சொன்ன மருந்து! சி.டி.4 நூறைத் தாண்டி மூன்று முதல் ஆறு மாதம் நிலைத்து நின்றால் கண் மருந்தை நிறுத்தலாம் என்பது இன்றைக்கு எழுதப்பட்ட விதி. பதினைந்து வருடம் கண் மருத்துவர்கள் ஊசி, குழாய், வில்லை என்று போராடி வாங்கிக் கொடுத்தது அவகாசம். கண்ணைக் காப்பாற்றியது, கண்ணுக்குக் கொடுக்காத மருந்து.

இதற்கும் ஒரு விலை இருந்தது. திரும்பி வந்த எதிர்ப்புச் சக்தி, விழித்திரையில் மிச்சமிருந்த வைரஸ் தடயங்களோடு சண்டை போட்டதில் சிலருக்குக் கண்ணுக்குள் வீக்கம் வந்து பார்வை மங்கியது. ஊருக்குத் திரும்பிய போலீஸ், காலியான வீட்டையும் சேர்த்து உடைத்த மாதிரி. 1998-ல் அதற்கும் தனியாகப் பெயர் வைத்தார்கள்.

விற்க ஆளில்லாமல் ஃபோமிவிர்சென் சில வருடங்களில் சந்தையை விட்டுப் போனது. வில்லையும் பிறகு போனது. ஆனால் இரண்டும் வீணாகவில்லை. அந்த வில்லையின் தொழில்நுட்பம் பிறகு வேறு கண் நோய்களுக்கான மருந்து வில்லைகளில் தொடர்ந்தது. ஃபோமிவிர்சென் செய்த அதே நிறுவனத்திலிருந்துதான் பிறவித் தசைநலிவு நோய்க் குழந்தைகளுக்கான நுசினெர்சென் 2016-ல் வந்தது.

*

இதெல்லாம் அமெரிக்காவில். நம் ஊரில்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா. சேகரித்த ரத்த மாதிரிகளின் பரிசோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். 'நம் நாட்டிலாவது, எய்ட்ஸாவது' என்று பலர் நம்ப மறுத்த காலம். எய்ட்ஸ் நோயாளிகளின் கண் பாதிப்பு பற்றிய முதல் இந்திய அறிக்கை 1995-ல் வந்தது, இரண்டே நோயாளிகள். எழுதியவர்கள் சங்கர நேத்ராலயாவின் டாக்டர் ஜோதிர்மய் பிஸ்வாஸும் சகாக்களும். ஐந்து வருடத்தில் அதே குழு, சுனிதி சாலமனோடும் டாக்டர் குமாரசாமியோடும் சேர்ந்து, நூறு நோயாளிகளைப் பற்றி எழுதியது. இரண்டு, நூறானது.

1996-க்குப் பிறகு அங்கே ஆட்கள் பிழைத்தார்கள். இங்கே அந்த மூன்று மருந்துக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். யாரால் முடியும்? நரம்பில் ஏற்றும் கன்சிக்ளோவிரும் எட்டாது. அதனால் நம் கண் மருத்துவர்கள் பழைய வழிக்கே போனார்கள்: நேராகக் கண்ணுக்குள் ஊசி. ஒரு ஊசிக்குத் துளியளவு மருந்து போதும் என்பதால் செலவு கையைக் கடிக்காது. உடம்பு முழுக்கப் பாதுகாப்பு கிடைக்காது என்று தெரிந்தேதான் செய்தார்கள். வேறு வழியில்லை.

2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனம், மூன்று மருந்துக் கூட்டை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1-ல் இந்திய அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் அரசு மருத்துவமனை ஆரம்ப மையங்களில் ஒன்று. 1996-க்கும் 2004-க்கும் இடையே எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் போன உயிர்களும் கண்களும் மருந்து இல்லாமல் போனவை அல்ல. மருந்து இருந்தும் விலையால் போனவை.

கண் மருந்தின் விலைக்கும் ஒரு சண்டை நடந்தது. கன்சிக்ளோவிரை விழுங்கினால் பத்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. அதோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டினால் பாதிக்கு மேல் சேரும். அதுதான் வால்கன்சிக்ளோவிர், 2001-ல் அமெரிக்காவில் அனுமதி. மார்புக் குழாய் வேண்டாம், ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டாம், மாத்திரை போதும். ஆனால் விலை? அன்றைய செய்திகளின்படி இங்கே ஒரு மாத்திரை ஆயிரம் ரூபாயை ஒட்டி. ஆரம்பத்தில் நாளைக்கு நான்கு மாத்திரை, மூன்று வாரம். கணக்குப் போடுங்கள்: எண்பதாயிரத்துக்கு மேல்.

2007-ல் கிண்டியில் இருக்கும் சென்னைக் காப்புரிமை அலுவலகம் இந்த மாத்திரைக்கு ரோஷ் நிறுவனத்துக்குக் காப்புரிமை கொடுத்தது. எதிர்த்து நின்றவர்களில் சிப்லா போன்ற கம்பெனிகள் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் இந்திய அளவிலும் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் நடத்தும் கூட்டமைப்புகளும் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தெரிந்த மூலக்கூறில் சின்ன மாற்றம் செய்ததற்குக் காப்புரிமை கூடாது என்பது வாதம். 2010-ல் காப்புரிமை ரத்தானது. 2013-ல் ரோஷ் நிறுவனமே, மருந்துக் காப்புரிமைக் குழுமத்தோடு ஒப்பந்தம் செய்து ஏழை நாடுகளுக்கு விலையைப் பெருமளவு குறைத்தது. மணிநகர்க்காரர் இன்றைக்கு அந்த மாத்திரையைச் சாதாரண மருந்துக் கடையில் வாங்குகிறார் என்றால், முகம் தெரியாத அந்த நோயாளிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

*

மருந்து வந்துவிட்டது, விலையும் இறங்கியது. கதை முடிந்ததா? இல்லை.

2007-ல் டேவிட் ஹைடன் என்ற சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவரும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏழை நாடுகளில் எச்.ஐ.வி. மருந்து வந்து உயிர் பிழைக்கிறது, ஆனால் கண்ணை யாரும் பார்ப்பதில்லை. அதனால் பிழைத்தவர்கள் குருடர்களாக வாழ்கிறார்கள் என்பது அதன் சாரம். நோயாளி தானாக 'கண் தெரியவில்லை' என்று சொல்லும்போது பாதி விழித்திரை போயிருக்கும். அவர் சொன்ன தீர்வு எளிமையானது: கண் டாக்டருக்காகக் காத்திருக்காதீர்கள், எச்.ஐ.வி. மருத்துவமனையில் இருக்கும் சாதாரண டாக்டருக்கே, பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கும் கருவியைக் கற்றுக்கொடுங்கள். மியான்மர் போன்ற இடங்களில் கற்றும் கொடுத்தார்.

இன்றும் எச்.ஐ.வி. இருப்பதே தெரியாமல் சி.டி.4 ஐம்பதுக்குக் கீழே போன பிறகு முதல் தடவையாக மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு புதிய கூட்டமும் சேர்ந்திருக்கிறது: சிறுநீரகம், கல்லீரல், எலும்பு மஜ்ஜை மாற்றியவர்கள், ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள். மாற்று சிகிச்சைக்காரர்களுக்காக 2017-ல் லெட்டர்மோவிர், 2021-ல் மாரிபாவிர் என்று சி.எம்.வி.க்குப் புது மருந்துகள் வந்தன. ஆனால் விழித்திரை என்று வந்துவிட்டால் இன்றும் முதலில் கை நீள்வது பழைய கன்சிக்ளோவிர் குடும்பத்தை நோக்கித்தான்.

வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். ஆபரேஷன் சென்னையிலோ வேலூரிலோ நடந்திருக்கும், வாழ்வது குஜராத்திலோ டெல்லியிலோ. இங்கே இருக்கும் கண் டாக்டருக்கு நம் பழைய கதை தெரியாது. அதனால் நாலு விஷயம்:

1. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியும் இப்போதைய மருந்துப் பட்டியலும் எப்போதும் கையில் இருக்கட்டும். எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதல் வாக்கியம் அதுவாக இருக்கட்டும்.

2. கண் முன்னால் புதிதாகக் கொசு, நூல், புள்ளி பறந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ, வலி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது கண் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து, விழித்திரையின் ஓரம் வரை பார்க்க வேண்டும்.

3. வாரம் ஒரு முறை ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் காலண்டரைப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண், கெட்டதை மறைத்துவிடும்.

4. பயந்துபோய் மாற்று உறுப்புக்கான மருந்தை நீங்களே குறைக்காதீர்கள். குறைக்கலாமா, எவ்வளவு என்பதை அந்த டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். இந்தக் கதை முழுக்கச் சொல்வதும் அதுதான்: கண்ணைக் காப்பாற்றுவதில் பாதி வேலை கண்ணுக்கு வெளியே நடக்கிறது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. கன்சிக்ளோவிர் அவகாசம் வாங்கிக் கொடுத்தது. உடம்பின் சொந்தச் சக்தி திரும்பியதுதான் கண்ணைக் காப்பாற்றியது. அந்தச் சக்தியைத் திருப்பும் மருந்து ஏழைக்கும் எட்டியபோதுதான் அந்தக் காப்பாற்றல் நம் ஊருக்கு வந்தது. இவ்வளவும் இருந்தும், சரியான நேரத்தில் ஒருவர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்க்காவிட்டால் எதுவும் உதவாது.

பி.கு: கேள்விகள் இருந்தால் மறுமொழியில் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது உங்கள் டாக்டரின் வேலை. :-)